எக்செல் சார்ட்ல சனி, ஞாயிறு ஏன் காலியா நிக்குது?

போன மாசம் நம்ம சேனல் பார்க்கிற ஒருத்தர் ஒரு ஷீட் அனுப்பியிருந்தார். ரெண்டு ஃபண்டோட தினசரி என்.ஏ.வி. "ரெண்டாவது ஃபண்ட் ஆட்டம் கம்மியா இருக்கு, எஸ்ஐபியை அதுக்கு மாத்திடலாமா?"ன்னு கேள்வி.

பார்த்தா, ஆட்டம் ஃபண்டுல இல்லை, ஷீட்ல இருந்தது.

என்.ஏ.வி. டேட்டால சனி, ஞாயிறு இல்லை. ஆனா தேதியைப் பார்த்ததும் எக்செல் அதை முழு காலண்டரா எடுத்துக்கிட்டு, இல்லாத நாளுக்கும் சார்ட்ல இடம் விட்டுடும். அந்த ஓட்டையை அடைக்க, நண்பர் ரெண்டாவது ஃபண்டுக்கு மட்டும் வெள்ளிக்கிழமை விலையையே சனி, ஞாயிறுக்கும் போட்டிருக்கார். அப்போ வாரத்துல ரெண்டு நாள் ரிட்டர்ன் பூஜ்யம். இதனால மட்டுமே தினசரி ஸ்டாண்டர்ட் டீவியேஷன் சுமார் 15% குறைஞ்சு தெரியும். இதை நம்பி நல்ல ஃபண்டை விட்டு வெளியே வந்திருந்தா, எக்ஸிட் லோடு, கேபிடல் கெயின்ஸ் வரி எல்லாம் வந்து நிற்கலாம்.

டேட்டாவைத் தொடவே வேண்டாம். சார்ட்டுக்குக் கீழே தேதி மேல ரைட் கிளிக் பண்ணி, ஃபார்மேட் ஆக்சிஸ் போய், ஆக்சிஸ் டைப்ல ‘டெக்ஸ்ட் ஆக்சிஸ்’ கொடுங்க. இருக்கிற நாட்கள் மட்டும் அடுத்தடுத்து வந்துடும். முன்னாடியே பழைய தேதி மேல வர்ற மாதிரி சார்ட் பண்ணி, அதாவது வரிசைப்படுத்தி வெச்சுக்கோங்க. இந்த முறைல எக்செல் தானா வரிசைப்படுத்தாது. கூகுள் ஷீட்ஸ்ல ஹரிசான்டல் ஆக்சிஸ் பகுதில ‘ட்ரீட் லேபிள்ஸ் ஆஸ் டெக்ஸ்ட்’ டிக் பண்ணா போதும்.

சிலர் வீக்டே ஃபார்முலா போட்டு சனி, ஞாயிறை அழிப்பாங்க. நான் அதைச் சொல்ல மாட்டேன். 2025 பிப்ரவரி 1 சனிக்கிழமை, ஆனா பட்ஜெட்டுக்காக மார்க்கெட் திறந்திருந்தது. அதே வருஷம் ஏப்ரல் 14 திங்கட்கிழமை, மார்க்கெட் லீவு. கிழமையை வெச்சு முடிவு பண்ணா ரெண்டு பக்கமும் தப்பாகும். வந்த டேட்டா எந்த நாளுக்கு இருக்கோ, அதுதான் கணக்கு.

ஒரு இடத்துல மட்டும் இதைச் செய்யாதீங்க: உங்க எஸ்ஐபி, நடுவுல போட்ட மொத்தத் தொகை மாதிரி இடைவெளி சமமா இல்லாத தேதிகளுக்கு. டெக்ஸ்ட் ஆக்சிஸ்ல பத்து நாள் இடைவெளியும் ஆறு மாச இடைவெளியும் ஒண்ணாவே தெரியும். அங்கே டேட் ஆக்சிஸே இருக்கட்டும். எக்ஸ்ஐஆர்ஆர் கணக்குக்கும் பணம் போன உண்மையான தேதிதான் வேணும். அது 365 நாளை வெச்சுதான் கணக்கு போடும், சனி, ஞாயிறும் சேர்த்து.