விளம்பரம் பார்த்தால் காசு: கொடுப்பது யார்?

1999-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஆல்அட்வான்டேஜ் என்றொரு நிறுவனம் தொடங்கியது. உறுப்பினர்களிடம் அது கேட்டது ஒன்றுதான். கணினித் திரையின் அடியில் ஒரு விளம்பரப் பட்டை ஓடிக்கொண்டிருக்க வேண்டும். இணையத்தில் என்ன வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். மணிக்கு 50 சென்ட் கூலி. இன்னொருவரைச் சேர்த்துவிட்டால், அவர் செலவிடும் ஒவ்வொரு மணிக்கும் 10 சென்ட் தனி. லட்சக்கணக்கானோர் சேர்ந்தார்கள். முதலீட்டாளர்களும் கோடிக்கணக்கான டாலரைக் கொட்டினார்கள். 2001 பிப்ரவரியில் நிறுவனம் மூடப்பட்டது.

அந்த யோசனையில் ஒரு நியாயம் இருந்தது. விளம்பரதாரர் தரும் பணம் எப்போதும் பத்திரிகைக்கும் தொலைக்காட்சிக்கும் இணைய நிறுவனங்களுக்கும்தான் போகிறது. அவர் விலை கொடுத்து வாங்குவதோ பார்ப்பவரின் கவனத்தை. தகவல் பெருகப் பெருக மனிதரின் கவனம் அரிதாகிவிடும் என்று பொருளாதார அறிஞர் ஹெர்பர்ட் சைமன் 1971-லேயே எடுத்துச் சொன்னார். அரிதான பொருளுக்கு விலை உண்டு. அந்த விலையில் அதன் சொந்தக்காரருக்கும் ஒரு பங்கு வேண்டும் என்று கேட்பது பேராசை ஆகாது.

பிறகு ஏன் அது நிலைக்கவில்லை? மணிக்கு 50 சென்ட் சம்பாதிக்கத் திரை முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டுமா என்று யோசித்தவர்கள், மவுஸைத் தானாக நகர்த்தும் சிறு மென்பொருள்களை எழுதிவிட்டார்கள். ஆள் இல்லாத அறையில் விளம்பரம் ஓடியது, கூலியும் ஏறியது. அதே நேரத்தில், 2000-இல் இணைய நிறுவனங்களின் பங்குகள் சரிந்து விளம்பர வருமானமும் வற்றியது. இவற்றையெல்லாம் விட ஆழமான சிக்கல் ஒன்று உண்டு. விளம்பரதாரருக்கு வேண்டியவர் கார் வாங்கக்கூடியவர், வீடு வாங்கக்கூடியவர். மணிக்கு அரை டாலருக்காகத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பவர் பெரும்பாலும் அவர் இல்லை. காசு கொடுத்து அழைத்துவந்த கூட்டத்தில் வாங்கும் ஆள் குறைவு என்று தெரிந்ததும் விளம்பரதாரர் விலையைக் குறைத்துவிடுவார்.

இந்தியாவிலும் இந்த முயற்சி நடந்தது. பெங்களூரின் எம்ஜிஞ்சர் நிறுவனம், கைப்பேசிக்கு வரும் ஒவ்வொரு விளம்பரக் குறுஞ்செய்திக்கும் 20 காசு தருவதாகச் சொன்னது. 20 காசுக்கு அன்றைக்கே பெரிதாக எதுவும் வாங்க முடியாது.

இப்போது இதை ஓரளவு நேர்மையாக நடத்திக் காட்டுவது பிரேவ் என்ற உலாவி. ஜாவாஸ்கிரிப்ட் மொழியை உருவாக்கிய பிரெண்டன் ஐக் தொடங்கியது அது. இணையதளங்களின் விளம்பரங்களை முதலில் தடுத்துவிடும். பயனர் சம்மதித்தால் மட்டும் தன் விளம்பரங்களைக் காட்டும். அதில் வரும் வருமானத்தின் 70 சதவீதத்தைப் பயனருக்கே தருவதாக 2019-இல் அறிவித்தது. பணமாக அல்ல, பேட் என்ற கிரிப்டோ நாணயமாக. அந்த நாணயத்தை 2017-இல் முதன்முதலாக விற்பனைக்கு விட்டபோது, ஒரு நிமிடம் முடிவதற்குள் சுமார் 3.5 கோடி டாலர் திரண்டது. ஆனால் ஒரு சாதாரணப் பயனருக்கு மாதக் கடைசியில் கையில் சேர்வது சில்லறைதான். பயனர் சேர்த்துவைத்த நாணயத்தின் மதிப்பும் சந்தையோடு சேர்ந்து ஏறும், இறங்கும்.

ஏன் சில்லறை மட்டும்? இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஒவ்வொரு வாசகரும் இதை ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது. ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா, ஒரு பயனரால் தனக்குச் சராசரியாக எவ்வளவு வருமானம் வருகிறது என்று வெளியிட்டு வந்தது. 2023-இன் கடைசி மூன்று மாதங்களில் அமெரிக்கா, கனடா பயனர் ஒருவரால் ஃபேஸ்புக்குக்கு வந்தது 68 டாலருக்குச் சற்று அதிகம். ஆசிய-பசிபிக் பயனர் ஒருவரால் வந்ததோ சுமார் ஐந்தரை டாலர். அன்றைய மதிப்பில் அது ஏறக்குறைய 460 ரூபாய். மூன்று மாதத்துக்குப் பங்கிட்டால் நாளுக்கு ஐந்து ரூபாய்! விளம்பரத் தொழிலில் உலகின் மிகப் பெரிய நிறுவனங்களில் ஒன்று, நம் விருப்பு வெறுப்புகளை எல்லாம் தெரிந்துவைத்துக்கொண்டு, ஈட்டும் மொத்த வருமானமே அவ்வளவுதான். அதை ஒரு காசு மிச்சம் வைக்காமல் நம்மிடம் கொடுத்தாலும் நாளுக்கு ஐந்து ரூபாய். வீடியோ விளம்பரம் பார்க்க ஆகும் டேட்டாவுக்கு ரீசார்ஜ் செய்வதும் நாம்தான்.

அப்படியானால், விளம்பரம் பார்த்தால் தினமும் நூற்றுக்கணக்கில் தருகிறோம் என்று சொல்பவர்களுக்கு அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது?

உத்தரப் பிரதேசத்தின் நொய்டாவில் 2017 பிப்ரவரியில் விடை கிடைத்தது. ஒரு கிளிக்குக்கு ஐந்து ரூபாய் என்று சொல்லி, சேரும்போதே ஆயிரக்கணக்கில் பணம் வாங்கிய சோஷியல் டிரேட் என்ற இணையதளத்தை நடத்தியவர்களை மாநிலச் சிறப்பு அதிரடிப் படை கைது செய்தது. லட்சக்கணக்கானோரிடம் சுமார் 3,700 கோடி ரூபாய் திரட்டப்பட்டதாகக் காவல்துறை கூறியது. புதிதாகச் சேர்ந்தவர் கட்டிய பணமே பழையவருக்குக் கிளிக் கூலியாகப் போனது என்பதுதான் குற்றச்சாட்டு.

தமிழ்நாட்டிலும் கோவையைத் தலைமையிடமாகக் கொண்ட மைவி3 ஆட்ஸ் நிறுவனத்தின் மீது 2024 ஜனவரியில் வழக்குப் பதிவானது. செயலியில் விளம்பரம் பார்த்தால் தினமும் வருமானம் என்பது அதன் அறிவிப்பாக இருந்தது. சில நூறு ரூபாயிலிருந்து ஒரு லட்சத்துக்கும் மேல் வரை கட்டும் தொகைக்கு ஏற்ப வருமானமும் கூடும் என்றது. வழக்கைக் கண்டித்து, நிறுவனத்துக்கு ஆதரவாக, அந்த மாத இறுதியில் கோவை அருகே நீலாம்பூரில் ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். அவர்களை அறியாதவர்கள் என்று ஏளனம் செய்வது தவறு. தினமும் கணக்கில் பணம் ஏறுவதைக் கண்ணால் பார்த்தவர்கள் அவர்கள். வீட்டிலிருந்தபடி நாலு காசு சம்பாதிக்க வேறு வழியில்லாத பெண்களும் ஓய்வுபெற்றவர்களும் இத்தகைய அறிவிப்புகளை நம்புவதில் வியப்பில்லை.

ஆனால் உண்மையான விளம்பரத் தொழிலில் பணம் விளம்பரதாரரிடமிருந்து பார்ப்பவரை நோக்கி வர வேண்டும். பார்ப்பவரே முதலில் பணம் கட்ட வேண்டும், அதிகம் கட்டினால் அதே விளம்பரத்துக்கு அதிகக் கூலி, ஆள் சேர்த்தால் இன்னும் அதிகம் என்றால், அங்கே விற்கப்படுவது கவனம் அல்ல. ஆள் சேர்த்துப் பணம் சுழற்றும் திட்டங்களை 1978-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டமே தடை செய்திருக்கிறது.

ஆகவே உங்கள் வீட்டில் யாராவது இப்படியொரு செயலியில் சேரப்போவதாகச் சொன்னால், அந்த விளம்பரங்களைக் கொடுக்கும் நிறுவனம் எது, அது எவ்வளவு கொடுக்கிறது என்று கேட்கச் சொல்லுங்கள். பதில் வராத இடத்தில் பணம் கட்ட வேண்டாம். ஏற்கெனவே கட்டி ஏமாந்திருந்தால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டியதில்லை. இணையவழிப் பண மோசடிக்கான 1930 என்ற எண்ணில் உடனே புகார் சொல்லுங்கள். மாவட்டப் பொருளாதாரக் குற்றப் பிரிவிலும் எழுத்துமூலம் புகார் கொடுக்கலாம்.