கம்பெனிக்குச் சேவை விற்பது எப்படி?

சென்ற மாதம் செம்பூரில் எங்கள் கட்டடத்து மூன்றாம் மாடித் தம்பி ஒருவர் என்னைத் தேடி வந்தார். நல்ல உத்தியோகத்தை விட்டுவிட்டு, தொழிற்சாலைகளின் பம்பு, கம்ப்ரஸர் முதலியவற்றை வருட ஒப்பந்தத்தில் பராமரித்துக் கொடுக்கும் தொழில் தொடங்கியிருக்கிறார். கூட ஒரு நண்பர். மூலதனம் அப்பாவின் பி.எஃப். பணம். விசிட்டிங் கார்டு ஆயிரம், வழவழப்பான தாளில் கலர் கையேடு, வெப்சைட், பேஸ்புக் விளம்பரம் எல்லாம் ஆகிவிட்டது. ஐந்து மாதத்தில் ஓர் ஒப்பந்தம்கூட வரவில்லை. "அங்கிள், நீங்க ரயில்வேல எத்தனையோ காண்ட்ராக்டரைப் பாத்திருப்பீங்க. நாங்க எங்க தப்பு பண்றோம்?" என்று கேட்டார். அவருக்குச் சொன்னதைச் சற்று விரிவாக இங்கே எழுதுகிறேன். நம்மவர் வீடுகளில் இப்போது பல பிள்ளைகள் இதே வழியில் இறங்குகிறார்கள். பெரும்பாலும் பெற்றோர் பணத்தோடு.

நான் வேலை பார்த்த மாதுங்கா ஒர்க்ஷாப் 1915-லிருந்து ரயில் பெட்டிகளைப் பழுது பார்த்து வருகிறது. அங்கே மேஜைக்கு அந்தப் பக்கம், அதாவது வாங்குபவர் பக்கம் உட்கார்ந்திருந்தவன் நான். புது வருடம் பிறந்தால் காலண்டரும் டைரியும் குவியும். எந்தக் கம்பெனி எதைக் கொடுத்தது என்று இன்று ஒன்றும் நினைவில்லை. வேலை முடிந்து பதினைந்து நாள் கழித்து, யாரும் கூப்பிடாமலே வந்து, "பேரிங் சத்தம் போடுகிறதா சார்?" என்று கேட்டுவிட்டுப் போன ஒருவரை மட்டும் இன்னும் நினைவிருக்கிறது.

வீட்டுக்கு மிக்ஸி வாங்குகிறவர் தம் பணத்தைக் கொடுத்து வாங்கித் தாமே உபயோகிக்கிறார். கம்பெனியில் அப்படி இல்லை. மெஷினோடு மல்லாடுபவர் போர்மேன். விலை பேசுபவர் பர்சேஸ் அதிகாரி. பில்லைப் பாஸ் செய்பவர் அக்கவுண்ட்ஸ்காரர். போர்மேனுக்கு மெஷின் ஓட வேண்டும். பர்சேஸ்காரருக்கு, நாளை ஆடிட்டர் "ஏன் இந்தப் புது ஆளுக்குக் கொடுத்தாய்?" என்று கேட்டால் சொல்ல ஒரு பதில் வேண்டும். அக்கவுண்ட்ஸ்காரருக்குக் காகிதம் சரியாக இருக்க வேண்டும். தம்பியின் கலர் கையேட்டில் இந்த மூன்றில் ஒன்றுக்கும் பதில் இல்லை. "உலகத் தரம்" என்று மட்டும் நாலு இடத்தில் இருந்தது.

இந்த ஊரிலேயே இதைச் சரியாகச் செய்து காட்டிய ஒரு தமிழரைப் பற்றிச் சொல்கிறேன். டாக்டர் ஏ. வேலுமணி. கோவைப் பக்கம் அப்பநாயக்கன்பட்டி புதூரில் நிலமில்லாத விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். 1982-ல் மும்பை வந்து பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் சேர்ந்தார். தைராய்டு உயிர்வேதியியலில் டாக்டர் பட்டம் பெற்றார். 1990களின் நடுவில் அரசாங்க வேலையை விட்டு, பி.எஃப். பணத்தைப் போட்டு, பைகுல்லாவில் ஒரு சிறு இடத்தில் தைரோகேர் என்ற பரிசோதனைக்கூடத்தைத் தொடங்கினார். ஸ்டேட் வங்கியில் வேலையாக இருந்த அவர் மனைவியும் அந்த வேலையை விட்டுக் கூட நின்றார்.

இங்கே கவனிக்க வேண்டியது, அவருடைய வாடிக்கையாளர் யார் என்பதே. நோயாளிகள் அல்ல. ஊர் ஊராக இருந்த சின்ன லேபரட்டரிகள்தாம் அவருடைய வாடிக்கையாளர்கள். காரணம் அந்தப் பரிசோதனையின் கணக்கிலேயே இருக்கிறது. அக்காலத்தில் டி3, டி4, டி.எஸ்.எச். பார்க்கப் பரவலாக இருந்தது ரேடியோ இம்யூனோ அஸே என்ற முறை. அதில் அயோடின்-125 என்ற கதிரியக்கப் பொருள் பயன்படும். அதன் வீரியம் சுமார் 60 நாளில் பாதியாகிவிடும். ஆகவே கிட்டை வாங்கி வைத்துக்கொண்டு நாள் கடத்த முடியாது. தவிர, ஒவ்வொரு தடவை ஓட்டும்போதும் அளவுகோலுக்கென்று சில குழாய்களை ஒதுக்க வேண்டும். நோயாளிகளின் மாதிரி 4 இருந்தாலும் 80 இருந்தாலும் அந்தச் செலவு ஒன்றுதான். வாரத்துக்கு நாலு தைராய்டு கேஸ் வரும் சின்ன லேபுக்கு இது கட்டுமா?

ரயில்வேக்காரனுக்கு இது உடனே புரியும். கால் வேகன் சாமானுக்கும் முழு ரேக்குக்கும் இன்ஜின் ஒன்று, டிரைவர் ஒருவர். நூறு லேபுகளின் கால் வேகன்களை ஒரே இடத்தில் சேர்த்தால் முழு ரேக் ஆகிவிடும். வேலுமணி செய்தது அதைத்தான். சீரத்தைக் குளிர்ச்சியில் வைத்தால் தைராய்டு ஹார்மோன்கள் சில நாள் கெடாமல் இருக்கும் என்பதும் வசதியாகப் போயிற்று. வெளியூரிலிருந்து மாதிரிகளை மும்பைக்கு வரவழைக்க முடிந்தது. மொத்தமாகச் செய்வதால் கட்டணத்தை வெகுவாகக் குறைத்தார். சின்ன லேபுக்காரருக்குத் தம் நோயாளியை இழக்காமலே நடுவில் லாபம் நின்றது. தங்கள் பிழைப்பைக் கெடுக்க வந்தவர் என்று யாரும் அவரைப் பார்க்கத் தேவை இருக்கவில்லை. நோயாளிகளை நேரடியாக நாடும் ஆரோக்யம் போன்ற பரிசோதனைத் தொகுப்புகள் எல்லாம் பிற்பாடு வந்தவை.

தைரோகேர் 2016 மே மாதம் பங்குச் சந்தைக்கு வந்தது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் அவர் மனைவி காலமானார். 2021-ல் பார்ம்ஈஸியின் தாய்க் கம்பெனி 66.1 சதவீதப் பங்குகளை 4,546 கோடி ரூபாய்க்கு வாங்கியது. தொகையைப் பார்த்து மலைக்க வேண்டாம் என்று தம்பியிடம் சொன்னேன். முதலில் எடுத்துக்கொண்டது தைராய்டு என்ற ஒரே ஒரு வேலை. அதைத்தான் பார்க்க வேண்டும். தம்பியின் கையேட்டில் பம்பு, கம்ப்ரஸர், ஜெனரேட்டர், லிப்ட், ஏ.சி., தீயணைப்பு என்று பதினோரு வேலைகள் இருந்தன. இருவர் பதினோரு வேலை செய்வார்கள் என்று எந்தப் போர்மேன் நம்புவார்?

கோடிக்கணக்கு வேண்டாதவர்கள் தாராவிக்குப் போய்ப் பார்க்கலாம். விடியற்காலையில் நம் குடும்பங்கள் இட்லி அவித்து, ஊரெல்லாம் போய் விற்கும் வியாபாரிகளுக்கு மொத்தமாகக் கொடுக்கின்றன. தின்பவர் யாரென்று அவித்தவருக்குத் தெரியாது. வியாபாரி கிளம்புகிற நேரத்துக்குச் சரக்கு தயாராக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு நாள் தாமதமானால் மறுநாள் அவர் அடுத்த வீட்டு வாசலில் நிற்பார்.

அடுத்தது பணம் வசூலாவது. விளம்பரத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதைப் பேசுவதே இல்லை. ஓய்வு பெற்ற பிறகு நானும் ஒரு நண்பரும் ஒரு தொழிற்சாலைக்கு மெஷின்களைப் பரிசோதித்து அறிக்கை கொடுக்கும் வேலையை எடுத்தோம். பெயர் வேண்டாம். வேலை திருப்தி என்றார்கள், டீ கொடுத்தார்கள். பணம் வர ஏழு மாதம் ஆயிற்று. எங்களிடம் இருந்தது போர்மேனின் வாய்வார்த்தை மட்டும். ஆர்டர் நம்பர் போட்ட ஒரு காகிதம் இல்லை. பென்ஷன் இருந்ததால் தாங்கினோம். இந்தத் தம்பிக்கு அது இல்லை.

2006-ம் வருட எம்.எஸ்.எம்.ஈ. சட்டம் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. குறு, சிறு நிறுவனம் செய்த வேலைக்கு எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதில் கண்ட தேதிக்குள் பணம் தர வேண்டும். அந்தக் கெடுவும் 45 நாளைத் தாண்டக் கூடாது. ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட்டைப் போல் மூன்று மடங்கு, மாதக் கூட்டுவட்டி. சேவைத் தொழிலும் இதில் அடங்கும். இதற்கு உத்யம் பதிவு வேண்டும். 2020 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் இந்தப் பதிவுக்கு அரசாங்கம் ஒரு பைசாவும் வாங்குவதில்லை. ஆயிரம், இரண்டாயிரம் கேட்கும் ஏஜெண்டுகளிடம் போக வேண்டாம். வேலை தொடங்குமுன்பே பதிவு செய்துவிட வேண்டும்.

சட்டம் இருக்கிறதென்று ஃபெசிலிடேஷன் கவுன்சிலுக்கு மனுப் போட்டால் பணம் வரலாம். வாடிக்கையாளர் திரும்ப வருவாரா என்பது வேறு விஷயம். அதைவிட உபயோகமானது 2024 ஏப்ரலில் அமலுக்கு வந்த வருமானவரித் திருத்தம். கெடுவுக்குள் நமக்குப் பணம் தராத கம்பெனி, அந்தச் செலவைத் தன் கணக்கில் உண்மையில் பணம் கொடுத்த வருடத்தில்தான் கழித்துக்கொள்ள முடியும். ஆகவே மார்ச் மாதம் நெருங்கும்போது அக்கவுண்ட்ஸ்காரரே நம் பில்லைத் தேடுவார், நாம் உத்யம் பதிவு பெற்றவர் என்பது அவருக்குத் தெரிந்திருந்தால். பில்லிலேயே அந்த எண்ணை அச்சடிக்க வேண்டும் என்பது இதற்காகத்தான்.

தம்பி ஒரு வாரம் யோசித்துவிட்டு வந்தார். பதினோரு வேலைகளில் பத்தை அடித்துவிட்டு ஏர் கம்ப்ரஸரை மட்டும் வைத்துக்கொண்டார். ஊரெல்லாம் சுற்றாமல், கோவண்டியில் ஒரே ஒரு இண்டஸ்ட்ரியல் எஸ்டேட். அங்கே சிறு பட்டறைகள் பல. தனியாக ஒரு பிட்டரைச் சம்பளத்துக்கு வைக்க எந்தப் பட்டறைக்கும் வசதி கிடையாது. கம்ப்ரஸர் நின்றால் எல்லார் வேலையும் நின்றுவிடும். பர்சேஸ் அதிகாரியும் அங்கே கிடையாது, முதலாளியே எல்லாம். முதல் தடவை இலவசமாகக் காற்றுக் கசிவு பார்த்து, எங்கே எவ்வளவு கரண்ட் வீணாகிறது என்று ஒரே தாளில் எழுதிக் கொடுக்கிறார்கள்.

போன ஞாயிறு வந்து, இரண்டு பட்டறைக்காரர்கள் வருட ஒப்பந்தத்துக்குச் சம்மதித்திருக்கிறார்கள் என்றார். முதல் பில்லைக் காட்டினார். உத்யம் எண்ணைக் காணோம். மறுபடி அச்சடிக்கச் சொல்லித் திருப்பி அனுப்பினேன்.