விதி என்றால் ரூலா, தலையெழுத்தா? தமிழ் சயின்ஸ் ஃபிக்‌ஷன் த்ரில்லர்கள் பற்றிச் சில குறிப்புகள்

முதலிலேயே சொல்லிடறேன், நான் சினிமா விமர்சகன் இல்லை. பி.இ. முடிச்சுட்டு சாஃப்ட்வேர் வேலை. மாசத்துக்கு ஒண்ணு ரெண்டு படம், சிதம்பரத்துலயோ கடலூர்லயோ. மிச்சம் வீட்டுல ஓடிடியில். கேமரா கோணம், நடிப்பு பற்றியெல்லாம் எழுத எனக்குத் தகுதி கிடையாது. ஆனா காலப்பயணம், டைம் லூப், இணை உலகம் என்று ஒரு படம் வந்தால் விட மாட்டேன். கடந்த பத்து வருஷத்துல தமிழில் இந்த வகைப் படங்கள் நிறையவே வந்திருக்கு. அவற்றைப் பற்றி எடுத்து வைத்த குறிப்புகள்தான் இவை. கதையை முன்கூட்டியே தெரிஞ்சுக்க விரும்பாதவங்க படங்களைப் பார்த்துட்டு வந்து படிக்கலாம்.

இந்த மாதிரிப் படம் முடிஞ்சு வெளியே வந்ததும் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒண்ணுதான்: "லாஜிக் இருக்கா?" இதற்கு என் பதில் கொஞ்சம் வேறு மாதிரி. அறிவியல் சரியாக இருக்கணும்னு அவசியமே இல்லை. டைம் மெஷின் என்றாலே பொய்தான். ஒரு பொய்யை நாம் மனசார அனுமதிக்கிறோம். அதற்குப் பதிலாக நாம் கேட்பது, அந்தப் பொய்க்கு ஒரு விதி இருக்கணும், கடைசி ரீல் வரைக்கும் படம் அந்த விதியை மீறக் கூடாது.

தமிழில் 'விதி' என்ற சொல் அழகானது. இலக்கண விதி, இயற்பியல் விதி என்றால் ரூல். "எல்லாம் விதி" என்றால் தலையெழுத்து. காலப்பயணக் கதைகள் எல்லாமே இந்த இரண்டு அர்த்தங்களுக்கும் நடுவில் நடக்கிற சண்டைதான். இயந்திரத்தின் விதியை வைத்துத் தலைவிதியை மாற்ற முடியுமா?

மூன்று வகை ஃபைல்

கடந்த காலத்தை ஒரு ஃபைலாக நினைச்சுக்குங்க. கதாசிரியருக்கு மூணு வழிதான் இருக்கு.

முதல் வகை, அழித்து எழுதக்கூடிய ஃபைல். ஒரே பிரதி, பேக்கப் கிடையாது. போய் ஒரு வரியை மாத்தினா நிகழ்காலமும் மாறிடும். ஆர். ரவிக்குமாரின் 'இன்று நேற்று நாளை' (2015) இதுக்கு நல்ல உதாரணம். 2065-லிருந்து வந்து சேர்ந்த இயந்திரம் இரண்டு நண்பர்கள் கையில் கிடைக்கிறது. அவர்கள் உலகத்தைக் காப்பாற்றக் கிளம்பவில்லை. தொலைஞ்ச பொருளைக் கண்டுபிடிச்சுத் தரும் ஜோசியக் கடை போடறாங்க! நம்ம ஊர்ல டைம் மெஷின் கிடைச்சா நடக்கப்போவது இதுதான். போலீஸ் என்கவுன்டரில் செத்திருக்க வேண்டிய ரவுடி ஒருவன், இவர்கள் கடந்த காலத்தில் செய்த ஒரு சின்னக் குளறுபடியால் உயிரோடு வந்து நிற்கிறான். மெஷினும் ரிப்பேர். அப்புறம் வருகிற பரபரப்பு முழுக்க அந்த ஒரே விதியிலிருந்து முளைத்தது. புதுசா எதையும் ஒட்ட வைக்கவில்லை. என் கணக்கில் இன்னிக்கும் முதல் இடம் இந்தப் படத்துக்குத்தான்.

விக்ரம் குமாரின் '24' (2016) இதே வகை, பார்க்க இன்னும் அழகு. அந்த வாட்ச் 24 மணி நேரத்துக்குள்தான் வேலை செய்யும் என்ற வரம்பு அருமையான வரம்பு. ஆனா கடைசியில் அதே வாட்ச் திருத்தப்பட்டு 1990 வரைக்கும் போயிடுது. வரம்பை எடுத்துவிட்ட அந்த நொடியில் எனக்குப் பதற்றமும் போயிடுச்சு. எதுவும் முடியும் என்றால், எதற்குப் பயப்படறது?

இரண்டாவது வகை, படிக்க மட்டுமே முடிகிற ஃபைல். போகலாம், பார்க்கலாம், மாற்ற முடியாது. ஸ்ரீகார்த்திக் இயக்கிய 'கணம்' (2022) இதற்குப் பக்கத்தில் வரும். இறந்துபோன அம்மாவைக் காப்பாற்ற 2019-லிருந்து 1998-க்குப் போகிற மகன் கதை. இயந்திரம் வேலை செய்யுது, விதி விட்டுக்கொடுக்கல. அமலா அம்மாவாக வரும் காட்சிகளில், ரூல் என்ற அர்த்தத்திலிருந்து தலையெழுத்து என்ற அர்த்தத்துக்குப் படம் சத்தமில்லாம நகர்ந்துடுது. இயற்பியலில் இதற்கு நெருக்கமான கருத்து ஒன்று உண்டு. ரஷ்ய இயற்பியலாளர் இகோர் நோவிகோவ் முன்வைத்த தன்முரணின்மைக் கொள்கை. கடந்த காலத்துக்கே போனாலும், ஏற்கெனவே நடந்ததற்கு முரணாக எதையும் செய்ய முடியாது என்பது அதன் சாரம்.

மூன்றாவது வகை, பிரதி எடுக்கப்பட்ட ஃபைல். ஒவ்வொரு தேர்வுக்கும் ஒரு கிளை. 'அடியே' (2023) இதைக் காதல் கதையாக்கியது. 'ப்ளாக்' (2024) பயமாக்கியது. ப்ளாக் படம் 2013-இல் வந்த 'கோஹரன்ஸ்' என்ற ஆங்கிலப் படத்தின் தழுவல். மூலப்படத்தை இயக்குநர் தன் சொந்த வீட்டிலேயே ஐந்து இரவுகளில் எடுத்து முடிச்சார். விருந்துக்கு வந்த எட்டு பேர், ஒரு வால்நட்சத்திரம், கரன்ட் போன வீடு. அவ்வளவுதான் செலவு. 2004-இல் விருதுகள் வாங்கிய 'ப்ரைமர்' படத்தின் பட்ஜெட் சுமார் 7,000 டாலர் என்று சொல்வார்கள். இந்த வகைக்குப் பணம் இரண்டாம் பட்சம். விதியை உட்கார்ந்து யோசிக்கிற பொறுமைதான் மூலதனம்.

சேவ் பாயின்ட்

வெங்கட் பிரபுவின் 'மாநாடு' (2021) மேலே சொன்ன மூன்றிலும் சேராது. வீடியோ கேமில் வரும் சேவ் பாயின்ட் மாதிரி. நாயகன் செத்தா நாள் மறுபடியும் விமானத்திலிருந்து தொடங்கும். அவன் நினைவு மட்டும் அழியாது. இதுவரைக்கும் ஹாலிவுட் ஏற்கெனவே செய்ததுதான். 1993-இல் 'கிரவுண்ட்ஹாக் டே', 2014-இல் 'எட்ஜ் ஆஃப் டுமாரோ'. மாநாடு செய்த நல்ல காரியம், அதே நினைவை வில்லனுக்கும் கொடுத்தது. இப்போ இரண்டு பேர் கையிலும் லாக் ஃபைல் இருக்கு. நேற்று (அதாவது இன்று) அவன் என்ன செய்தான் என்று இவனுக்கும் தெரியும், இவன் செய்தது அவனுக்கும் தெரியும். அதுவும் நாயகனைக் கொல்வதால் வில்லனுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. கொன்றால் ஆட்டம் முதலிலிருந்து. வில்லன் துப்பாக்கியை வெச்சுக்கிட்டு ஒண்ணும் பண்ண முடியாம புலம்பும்போது எஸ்.ஜே. சூர்யாவுக்குத் தியேட்டர் கைதட்டியது, நடிப்புக்காக மட்டும் இல்லைன்னு நினைக்கிறேன். ஒரு விதி நேர்மையாக வேலை செய்வதைப் பார்க்கிற சந்தோஷமும் அதில் இருந்தது.

ஆள் போக வேண்டாம், செய்தி போனால் போதும்

ஆதிக் ரவிச்சந்திரனின் 'மார்க் ஆண்டனி' (2023) ஒரே கூச்சல், ஒரே கலாட்டா. ஆனா அதன் அடிப்படை யோசனை எனக்கு ரொம்பப் பிடிச்சது. அதில் யாரும் காலத்தில் பயணம் செய்வதில்லை. ஒரு போன். 1995-லிருந்து 1975-க்குப் பேசலாம். போவது குரல் மட்டும், அதாவது தகவல் மட்டும்.

இது வெறும் கற்பனை விளையாட்டு இல்லை. ஒளியைவிட வேகமாக ஒரு செய்தியை அனுப்ப முடிந்தால், சார்பியல் கோட்பாட்டின்படி அதைக் கடந்த காலத்துக்கே அனுப்ப முடியும். 1970-இல் மூன்று இயற்பியலாளர்கள் இதற்கு 'டேக்கியான் எதிர்-தொலைபேசி' என்று பெயர் வைத்து ஒரு கட்டுரையே எழுதினார்கள். அப்படி ஒரு போன் இருந்தால் காரணத்துக்கு முன்னால் விளைவு வந்துவிடும், ஆகவே ஒளியைவிட வேகமான செய்தி சாத்தியமில்லை என்பதே வாதம். எதிர்காலத்துக்குப் போவதற்கு மட்டும் இயற்கை தடை போடவில்லை. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களின் கடிகாரம் நம்முடையதைவிட நாளொன்றுக்கு சுமார் 38 மைக்ரோ நொடி வேகமாக ஓடும். அதைத் திருத்தாவிட்டால் உங்க செல்போன் மேப் ஒரே நாளில் கிலோமீட்டர் கணக்கில் தப்பாகும்.

சரி, கடந்த காலத்துக்குப் போன் பண்ண முடியாது. ஆனா இந்தக் கரையில் வாழ்கிறவனுக்கு இதில் வேறொரு விஷயம் உறுத்துது.

சிதம்பரத்தில் தொடங்கிய படம்

எங்க ஊரைப் பெரிய அளவில் தொட்ட அறிவியல் த்ரில்லர் 'தசாவதாரம்' (2008). பன்னிரண்டாம் நூற்றாண்டில் தில்லை கோவிந்தராஜர் சிலையைக் கடலில் போடுவதில் தொடங்கி, 2004 டிசம்பர் 26 சுனாமியில் முடிகிறது. நடுவில் ஒரு குப்பியில் உயிர்க்கொல்லிக் கிருமி. அதைக் கொல்லும் பொருள் உப்பு. கிருமி வெளியே வந்துவிட்ட நேரத்தில் கடல் உப்புத் தண்ணீரோடு ஊருக்குள் வருகிறது. அந்தக் கதைக்குள் சுனாமி கிருமியை அழித்துக் கோடிக்கணக்கானவர்களைக் காப்பாற்றிவிடுகிறது.

திரைக்கதைக் கணக்காகப் பார்த்தால் சாமர்த்தியம்தான். படம் கேட்க நினைத்த கேள்வியும் பெரியது: பேரழிவில் கடவுளின் நோக்கம் ஏதாவது உண்டா? இறந்தவர்களைப் படம் மறக்கவும் இல்லை. ஆனால் தமிழ்நாட்டில் சுமார் 8,000 பேர், கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தது உண்மை. அந்தக் கிருமி கற்பனை. நிஜச் சாவுகளை ஒரு பக்கமும் கற்பனை உயிர்களை இன்னொரு பக்கமும் வைத்துத் தராசு பிடிப்பதை தேவனாம்பட்டினத்திலோ எம்.ஜி.ஆர். திட்டிலோ உட்கார்ந்து பார்க்கிறவருக்கு என்ன தோணும்? அலைக்கு நோக்கம் கிடையாது. ஆழத்தின் கணக்கு மட்டும்தான் உண்டு. 4,000 மீட்டர் ஆழக் கடலில் சுனாமி மணிக்கு சுமார் 700 கி.மீ. வேகத்தில் போகும். 10 மீட்டர் ஆழத்துக்கு வரும்போது அதுவே 36 கி.மீ. ஆகக் குறையும். வேகம் குறையும்போது பின்னால் வரும் தண்ணீர் முன்னால் இருப்பதன் மேல் ஏறி உயரமாகும்.

இந்தக் கணக்கில்தான் உண்மையான த்ரில்லர் இருக்கு. சுமத்ரா அருகே பூமி அதிர்ந்தது இந்திய நேரப்படி காலை 6.29. நம் கரைக்கு அலை வந்து சேர ஏறக்குறைய இரண்டு மணி நேரமாச்சு. அந்த இரண்டு மணி நேரமும் எதிர்காலம் தெரிந்தவர்கள் உலகத்தில் இருந்தார்கள். தெரியாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் கடற்கரையில் இருந்தார்கள். நடுவில் போன் இல்லை.

ஓரிடத்தில் மட்டும் இருந்தது. கடலூருக்கு வடக்கே புதுச்சேரிப் பகுதியில் நல்லவாடு என்ற மீனவ கிராமம். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே ஒரு கிராமத் தகவல் மையம் நடத்தியது. அலை உயரம், மீன்பிடித் தகவல் எல்லாம் ஒலிபெருக்கியில் சொல்வார்கள். அன்று காலை சிங்கப்பூரில் இருந்த அந்த ஊர்க்காரர் ஒருவர் டிவியில் செய்தி பார்த்துட்டு ஊருக்குப் போன் செய்தார். ஒலிபெருக்கியில் அறிவிச்சாங்க. சனம் மேட்டுக்கு ஓடியது. படகுகளும் வீடுகளும் போச்சு, ஊர் தப்பிச்சது.

இதைவிட நல்ல காலப்பயணக் கதை எனக்குத் தெரியாது. இன்னொன்றும் உண்டு. நில அதிர்வு மையத்துக்கு மிக அருகில் இருந்த சிமெலுவே தீவில் இறந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர்தான். 1907-இல் அங்கே வந்த சுனாமியை 'ஸ்மோங்' என்று பாட்டாகவும் கதையாகவும் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்திருக்காங்க: பூமி பலமா ஆடினா, கடல் உள்வாங்கினா, மேட்டுக்கு ஓடு. 1907-லிருந்து 2004-க்கு வந்த போன் அது. ஒளியைவிட வேகமெல்லாம் தேவைப்படல. பாட்டிமார் போதும்.

எச்சரிக்கை என்ற இயந்திரம்

2007-இல் ஹைதராபாத்தில் இந்திய சுனாமி எச்சரிக்கை மையம் தொடங்கப்பட்டது. 2012 ஏப்ரல் 11 அன்று அதே சுமத்ரா பக்கம் 8.6 அளவில் அதிர்வு வந்தபோது தமிழகக் கரையில் சனத்தை வெளியேற்றினாங்க. தட்டுகள் பெரும்பாலும் பக்கவாட்டில் நகர்ந்ததால் பெரிய அலை எழும்பல, எச்சரிக்கையை அன்றைக்கே விலக்கிட்டாங்க. "சும்மா அலைய விட்டுட்டானுங்க" என்று அலுத்துக்கொண்டவர்களும் உண்டு. எல்லாக் காலப்பயணிக்கும் வருகிற சிக்கல் இதுதான். ஆபத்து நடக்காமல் போனால், அப்படி ஒரு ஆபத்து இருந்ததற்கே சாட்சி கிடையாது.

எனவே என் ஆசை இது. யாராவது ஒரு இளம் இயக்குநர் காலை 6.29-இல் தொடங்கி அலை வரும்வரை ஓடுகிற ஒரு படம் எடுக்கணும். ஒரு கடலோர ஊர், ஒரு ஒலிபெருக்கி, ஒரு வெளிநாட்டுப் போன், "கடல் ஊருக்குள்ள வருமாம்" என்றால் சிரிக்கிற நாலு பேர். விண்கலம் வேண்டாம், கிராஃபிக்ஸ் வேண்டாம். சொன்னால் நம்புவார்களா, நம்பினாலும் நேரம் போதுமா என்ற இரண்டே கேள்விகளில் இரண்டு மணி நேரம் நம்மை நாற்காலி நுனியில் உட்கார வைக்கலாம். விதியை மாற்ற முடியுமா என்று கேட்டால், அன்று ஒரு கிராமத்தில் மாற்றிக் காட்டியிருக்காங்க. அதற்குத் தேவைப்பட்டது ஒரு போன், அதை எடுக்க ஒரு ஆள், அதைக் கேட்டு ஓட ஒரு ஊர்.