உடற்பருமன் சத்திரசிகிச்சையும் வாழ்நாட் பத்தியமும்

மருந்துண்ணுங் காலத்துப் பத்தியங் காத்தல் தமிழ் மக்களின் பழைய வழக்கமாகும். நாட்டு வைத்தியர் சூரணத்தையோ குளிகையையோ கொடுக்கும்பொழுது, புளியை நீக்குக, மீனை நீக்குக என இரண்டொரு விலக்குக்களையும் உடன் கூறுவர். மருந்து முடிந்ததும் பத்தியமும் முடியும்; நோயாளி தன் வழமையான உணவிற்குத் திரும்புவான். இம்முறைக்கு மாறானதொரு சிகிச்சையைத் தற்கால மருத்துவம் தோற்றுவித்துள்ளது. உடற்பருமனைக் குறைத்தற்பொருட்டு இரைப்பையிற் செய்யப்படும் சத்திரசிகிச்சையே அது. சத்திரவைத்தியரின் வேலை சில மணி நேரத்தில் முடிந்துவிடுகின்றது; பத்தியமோ அன்று தொடங்கி நோயாளியின் வாழ்நாள் முழுவதும் தொடர்கின்றது. இவ்வுண்மையை அறியாது, சத்திரசிகிச்சையோடு யாவும் முடிந்தன எனக் கருதுவோர் பெருந் துன்பத்திற்கு உள்ளாதல் கூடும். உணவிலும் பானத்திலும் விதிக்கப்படும் விலக்குக்கள் எக்காரணம் பற்றி எழுந்தன என்பதை அறிந்தாலன்றி அவற்றை நெடுங்காலங் கடைப்பிடித்தல் அரிது. ஆதலின் அக்காரணங்கள் ஈண்டு ஆராயப்படுகின்றன.

உடற்பருமன் பெருந்தீனியின் விளைவே என்றும், அதனையுடையார் மனவுறுதியற்றவர் என்றும் இகழ்வாருளர். இக்கூற்றுப் பொருந்தாது. பரம்பரை, சுரப்புக்கள், வாழுஞ் சூழல், உணவின் இயல்பு ஆகிய பலவுஞ் சேர்ந்தே உடல் நிறையை நிருணயிக்கின்றன. ஒருவர் உணவைக் குறைத்து மெலியும்பொழுது, உடல் பசியை மிகுவித்தும் சக்திச் செலவைச் சுருக்கியும் இழந்த நிறையை மீளப்பெற முயல்கின்றது. இதனாலேயே மிகப் பருத்த உடலினர் பலர் பன்முறை மெலிந்தும் பன்முறை பருத்துஞ் சோர்வுறுகின்றனர். நீரிழிவு, உயர் குருதியமுக்கம், நித்திரையில் மூச்சுத் தடைப்படுதல், மூட்டுத் தேய்வு என்பன அவர்களைப் பற்றிக்கொள்கின்றன. இத்தகையோர்க்கே சத்திரசிகிச்சை விதிக்கப்படுகின்றது. கிலோகிராமிற் கணித்த நிறையை மீற்றரிற் கணித்த உயரத்தின் வர்க்கத்தால் வகுக்க வருவது உடற்றிணிவுச் சுட்டி எனப்படும். அச்சுட்டி 35 அல்லது அதற்கு மேற்பட்டோர்க்குச் சத்திரசிகிச்சையை விதந்துரைக்கலாமென இத்துறை மருத்துவரின் அமெரிக்கச் சங்கமும் சர்வதேசச் சங்கமும் 2022ஆம் ஆண்டில் அறிவித்தன. ஆசிய மக்கட்கு அவ்வெல்லை 27.5 எனக் குறைக்கப்பட்டுள்ளது. குறைந்த நிறையிலேயே நீரிழிவு முதலிய நோய்கள் அவர்களிடத்துத் தோன்றுதலே இதற்குக் காரணம். ஆதலின் இவ்விடயம் மேனாட்டார்க்கு மட்டும் உரியதன்று.

இச்சிகிச்சையின் வரலாறு பத்தியத்தின் இன்றியமையாமையைத் தெளிவாகக் காட்டும். 1954ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் மினசோற்றாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறெமன், லின்னர் முதலியோர், சிறுகுடலின் பெரும்பகுதி வழியே உணவு செல்லாவாறு குடலை இணைக்கும் முறையொன்றை வெளியிட்டனர். அம்முறைக்கு உட்பட்டோர் மெலிந்தனர்; ஆயின் அவர்களுட் பலரைப் போசணைக் குறைவும் ஈரல் நோயும் சிறுநீரகக் கற்களும் வருத்தின. ஆதலின் அம்முறை பின்னர்க் கைவிடப்பட்டது. அயோவாப் பல்கலைக்கழகத்துச் சத்திரவைத்தியராகிய எட்வேட் மேசன் என்பார், வயிற்றுப்புண் காரணமாக இரைப்பையின் ஒரு பகுதி நீக்கப்பட்டோர் நிறை குறைந்தவராகவே இருத்தலை நோக்கினார். அதிலிருந்து 1966ஆம் ஆண்டில் இரைப்பை மாற்றுவழிச் சத்திரசிகிச்சையைத் தொடக்கினார். இன்று செய்யப்படும் முறைகளுள் ஒன்று அதனின்றுந் திருந்தி வளர்ந்ததாகும்.

இக்காலத்துப் பெருவழக்கிலுள்ள முறைகள் இரண்டு. முதலாவது, இரைப்பையின் ஏறக்குறைய நாலிலொரு பகுதியை மட்டும் எஞ்சவிட்டு, ஏனையதை வெட்டி நீக்குதல். ஓர் இலீற்றருக்கு மேற் கொள்ளத்தக்க இரைப்பை, இதன் பின் நூறு அல்லது நூற்றைம்பது மில்லிலீற்றர் கொள்ளும் ஒடுங்கிய குழாயாகின்றது. இரண்டாவது மாற்றுவழி முறை. இதில் இரைப்பையின் மேற்புறத்தில் ஏறத்தாழ 30 மில்லிலீற்றர் கொள்ளும் சிறு பையொன்று பிரிக்கப்பட்டுச் சிறுகுடலின் கீழ்ப்பகுதியோடு நேரே இணைக்கப்படுகின்றது. எஞ்சிய இரைப்பையும் முன்சிறுகுடலும் உடலினுள்ளேயே இருப்பினும் உணவு அவற்றின் வழியே செல்வதில்லை. இவ்விரு முறைகளும் கொள்ளளவைக் குறைப்பதோடு நில்லாது, பசியையும் நிறைவையும் உணர்த்தும் ஓமோன்களையும் மாற்றுகின்றன. பசியைத் தூண்டும் கிறெலின் என்னும் ஓமோன் 1999ஆம் ஆண்டில் யப்பானிய அறிஞராற் கண்டுபிடிக்கப்பட்டது. அது பெரும்பாலும் இரைப்பையின் மேற்பகுதியிற் சுரப்பது. அப்பகுதி நீக்கப்படுமாயின் பசியுந் தணிகின்றது.

இவ்வமைப்பை மனத்திற்கொள்ளின் விலக்குக்களின் பொருள் தானே விளங்கும். முதலாவது, உணவின் பதம் பற்றிய விதி. இரைப்பையும் குடலும் வெட்டித் தைக்கப்பட்ட இடங்கள் உறுதியாகப் பொருந்துதற்குக் காலம் வேண்டும். அதற்குமுன் கட்டியான உணவு செல்லின் அடைப்பும் வாந்தியும் உண்டாகித் தையல் வருந்தும். ஆதலின் முதலிரு நாட்களில் நீரும் வடித்த இரசமும் போன்ற தெளிந்த திரவங்களே கொடுக்கப்படுகின்றன. பின்னர் இரண்டு கிழமை வரையிற் பால், மோர், புரதத்தூள் கலந்த பானம் என்பனவும், அடுத்துக் குழைய மசித்த பருப்பும் மீனும் தயிரும், அதன்பின் அவித்த முட்டை போன்ற மென்மையான உணவுகளும் இடம்பெறும். ஏறக்குறைய இரண்டு மாதஞ் சென்ற பின்னரே சாதாரண உணவு தொடங்கும். நாட்கணக்கு வைத்தியசாலைக்கு வைத்தியசாலை சற்று வேறுபடினும் இவ்வொழுங்கு மாறுவதில்லை.

இரண்டாவது, உண்ணும் முறை பற்றியது. சிறு கவளமாக எடுத்து, நன்கு மென்று, இருபது முப்பது நிமிடங்களில் ஆறுதலாக உண்ணல் வேண்டும். பெரிய இரைப்பை உணவைப் பிசைந்து கூழாக்கும் தொழிலைச் செய்தது. அத்தொழிலின் பெரும்பகுதியைப் பற்களே இனிச் செய்தல் வேண்டும். பசைத்தன்மையுள்ள சோறும் புதிய பாணும் உலர்ந்த இறைச்சியும் சிலருக்குச் சிக்கிக்கொண்டு நெஞ்சை அடைக்கும். நிறைவு தோன்றியதும் நிறுத்திவிடல் வேண்டும். அதற்கு மேற் கொண்ட ஒரு கவளமும் வலியையும் வாந்தியையும் தரும்.

மூன்றாவது, நீர் பற்றிய விதி. உணவோடு நீர் அருந்தலாகாது. உண்டு அரைமணி நேரஞ் சென்ற பின்னரே அருந்தலாம். சிறு பையில் இரண்டிற்கும் இடமில்லை என்பதும், நீர் உணவைக் கரைத்து விரைவிற் கீழே தள்ளிவிட நிறைவுணர்ச்சி நீங்கும் என்பதும் மருத்துவர் கூறுங் காரணங்கள். எனினும் நீரைக் குறைத்தலும் ஆகாது. நாளொன்றுக்கு ஒன்றரை இலீற்றர் அளவு வேண்டும். ஒரே மூச்சிற் குடித்தல் இயலாமையின், நாள் முழுவதும் மிடறு மிடறாகப் பருகல் வேண்டும். சத்திரசிகிச்சை செய்துகொண்டோர் முதற் கிழமைகளில் மீண்டும் வைத்தியசாலைக்கு வருதற்கு நீரிழப்பு ஒரு முக்கிய காரணமாயுள்ளது. நீருமருந்தா உபவாசங்களை மேற்கொள்ள விரும்புவோர் முன்னரே மருத்துவரை உசாவுதல் இக்காரணம் பற்றியே வேண்டப்படுகின்றது.

நான்காவது, இனிப்புப் பற்றிய விலக்கு. இது மாற்றுவழி முறைக்கு உட்பட்டோர்க்குச் சிறப்பாக உரியது. இயல்பான இரைப்பை தன் கீழ்வாயிலைச் சிறிது சிறிதாகத் திறந்தே உணவைக் குடலுக்கு விடும். புதிய பைக்கு அவ்வாயில் இல்லை. செறிந்த வெல்லம் குடலில் ஒருங்கே வந்து விழும்பொழுது, அதனை ஐதாக்குதற்குக் குருதியிலுள்ள நீர் குடலினுட் பாய்கின்றது. உண்டு அரைமணி நேரத்துள் வயிற்று முறுக்கும் பேதியும் நெஞ்சுப் படபடப்பும் வியர்வையும் தோன்றும். இதனை மருத்துவர் ‘டம்பிங்’ என்பர். கொட்டுதல் என்பது அதன் பொருள். வேறு சிலருக்கு ஒரு மணி முதல் மூன்று மணி நேரஞ் சென்ற பின் நடுக்கமும் மயக்கமும் வரும். விரைந்து உறிஞ்சப்பட்ட வெல்லத்திற்கு எதிராக இன்சுலின் மிகுதியாகச் சுரந்து, குருதி வெல்லத்தை அளவிற்கு மேற் குறைத்துவிடுதலே அதற்குக் காரணம். பழச்சாறும் இனிப்பிட்ட தேநீரும் இவ்விலக்கினுள் அடங்கும்.

சோடா முதலிய வாயுப் பானங்கள் சிறு பையை ஊதவைத்து வருத்துமாதலின் விலக்கப்படுகின்றன. மதுபானம் பற்றிய எச்சரிக்கை இதனினும் பெரிது. சிறுபையைக் கடந்து விரைவாகக் குடலையடையும் அற்ககோல் குருதியில் உடனே உயர்ந்து, சிறிதளவே குடித்தவரையும் வெறிக்கச் செய்யும். ஐக்கிய அமெரிக்காவில் நிகழ்த்தப்பட்டு 2012ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், மதுவினால் தீங்குறுவோர் தொகை சத்திரசிகிச்சைக்கு முன் நூற்றுக்கு 7.6 ஆகவும், பின் இரண்டாம் ஆண்டில் 9.6 ஆகவுங் காணப்பட்டது. புகைபிடித்தலும், வலிக்கெனச் சாதாரணமாக உட்கொள்ளும் இபுபுரோபன், அசுப்பிரின் போன்ற மாத்திரைகளும் குடலிணைப்பிற் புண்ணை உண்டாக்கவல்லன. ஆதலின் எவ்வகை மாத்திரையையும் மருத்துவரைக் கேளாது உட்கொள்ளலாகாது.

விலக்குவன இவையாக, விடாது கொள்ளவேண்டியனவும் உள. அவற்றுள் முதன்மையானது புரதம். நாளொன்றுக்கு அறுபது கிராமுக்குக் குறையாத புரதம் கிடையாவிடின் உடல் கொழுப்போடு தசையையும் இழக்கும். ஆதலின் தட்டில் முதலில் உண்ணவேண்டியது சோறன்று. மீன், முட்டை, பருப்பு, தயிர் போன்றனவே. சைவ உணவினர் பயறு, கடலை, சோயா, பால் என்பவற்றைத் திட்டமிட்டுச் சேர்த்தல் வேண்டும். விற்றமின் பீ12 இயல்பாக விலங்குணவிலேயே உள்ளது. பாலிலும் முட்டையிலும் அது ஓரளவு உண்டு. அதனை அகத்துறிஞ்சுதற்கு இரைப்பையிற் சுரக்கும் ஒரு பொருளும் அமிலமும் வேண்டும். இரைப்பை குறைந்தோர்க்கு உணவால் மட்டும் அது கிடைத்தல் அரிது. சைவ உணவினர்க்கோ இருமடங்கு அரிது. ஈரலிற் சேமிப்பு உண்மையால் குறைவு சில ஆண்டுகளின் பின்னரே வெளிப்படும்; அதற்குள் நரம்புகள் பழுதுறலாம். இரும்பு முன்சிறுகுடலிலேயே பெரிதும் உறிஞ்சப்படுவதாகலின், அவ்விடத்தை விலக்கிய மாற்றுவழி முறையிற் சோகை எளிதில் வரும். உணவோடு தேநீர் அருந்தும் இலங்கை வழக்கம் இரும்பு உறிஞ்சப்படுதலை மேலுந் தடுக்கும். கல்சியமும் இரும்பும் ஒன்றையொன்று தடுக்குமாதலின் இரண்டு மணி நேர இடைவெளி விட்டு உட்கொள்ளல் வேண்டும்.

இவை யாவற்றினும் விரைந்து தீங்கு விளைப்பது தயமின் என்னும் விற்றமின் பீ1 இன் குறைவாகும். தீட்டிய அரிசி உண்ட கோழிகளுக்குப் பெரிபெரியை ஒத்த நோய் வருதலை 1890ஆம் ஆண்டுகளில் யாவாவில் ஐக்மன் என்னும் ஒல்லாந்த மருத்துவர் கண்டார். அவ்வாய்வுகளே இவ்விற்றமினை அறிதற்கு வழிகாட்டின. உடலிலுள்ள தயமின் இரண்டு மூன்று கிழமைகளுக்கே போதும். சத்திரசிகிச்சையின் பின் விடாது வாந்தி எடுப்பவர் அதனை ஒரு மாதத்துள் இழந்துவிடலாம். பார்வை இரட்டித்தல், நடை தள்ளாடுதல், அறிவு மயங்குதல் என்பன அதன் குறிகள். உடனே தயமின் ஏற்றாவிடின் மூளைக்கு மீளாத தீங்கு நேரும். தயமினுக்கு முன் குளுக்கோசை மட்டும் ஏற்றின் நிலை மேலும் மோசமாகும். ஆதலின் “சத்திரசிகிச்சை செய்தோர்க்கு வாந்தி இயல்பே” எனக் கூறி வீட்டில் வைத்திருத்தல் பெருந் தவறாகும்.

இத்துணைத் துன்பங்களுக்கு ஈடாகக் கிடைக்கும் பயன் யாதெனின், அதுவுஞ் சிறிதன்று. சுவீடன் நாட்டில் 1987ஆம் ஆண்டிற் தொடங்கி நாலாயிரத்துக்கு மேற்பட்டோரிடத்து நிகழ்த்தப்பட்ட ஆய்வின் பெறுபேறு 2007ஆம் ஆண்டில் வெளியாயது. ஏறக்குறைய பதினோர் ஆண்டுகளில், சத்திரசிகிச்சை பெறாதாருள் நூற்றுக்கு 6.3 பேர் இறக்க, பெற்றாருள் 5 பேரே இறந்தனர். மாற்றுவழி முறைக்கு உட்பட்டோர் முதலிரு ஆண்டுகளில் தம் நிறையில் நூற்றுக்கு 32 பங்கை இழந்தனர். பத்தாம் ஆண்டில் அவ்விழப்பு 25 ஆகக் குறைந்தது. அஃதாவது, சிறிது நிறை மீண்டும் ஏறிற்று. சிறிய இரைப்பையையும் ஏமாற்றும் உணவுகள் உள. ஐஸ்கிறீம், சொக்கலேற்று, பொரித்த நொறுக்குத் தீனி என்பன தடையின்றி வழுக்கிச் செல்லும். வயிறும் நிறையாது, நிறையுங் கூடும்.

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் மூலிகைகளைப் பற்றி விரித்துரையாது, உண்டது அற்றதறிந்து அளவோடு உண்ணுதலையே பெரிதும் வற்புறுத்தினார். எல்லார்க்கும் பொதுவான அவ்வறிவுரை, இச்சிகிச்சை பெற்றோர்க்கு நாள்தோறும் ஒவ்வொரு கவளத்திலும் காக்கவேண்டிய விதியாகின்றது. அதனைக் காத்தற்குச் சுற்றத்தாரின் துணையும் வேண்டும். விருந்தில் இலை நிறையப் படைத்து, “இன்னுஞ் சிறிது” என வற்புறுத்தல் அன்பின் அடையாளமாகவே கொள்ளப்படுகின்றது. இரண்டு கவளத்தோடு எழுந்துவிடும் உறவினர் விருந்தோம்புவாரை அவமதிப்பவரல்லர். தம் உயிரைக் காப்பவரே அவர். அவரை வற்புறுத்தாமலும், ஏன் உண்ணவில்லை எனப் பலர்முன் வினவாமலும், அவர் ஆறுதலாக மென்று உண்டு முடியும்வரை உடனிருத்தலே அவர்க்குச் செய்யத்தக்க விருந்தோம்பலாகும்.