செராமிக் கோட்டிங்: பூசுவதற்கு முன் செய்ய வேண்டியதே முக்கால்வாசி வேலை

கறுப்பு அல்லது அடர்நீலக் காரை வெயிலில் நிறுத்திப் பாருங்கள். பானெட்டில் சூரியன் பளிச்சிடும் இடத்தைச் சுற்றி, சிலந்தி வலை பின்னியது போல மெல்லிய வட்டக் கீறல்கள் தெரியும். ‘சுவர்ல் மார்க்’ என்று டீட்டெயிலிங் கடைக்காரர்கள் சொல்வது இதைத்தான். உண்மையில் அவை வட்டமாக விழுந்தவை அல்ல. எல்லாத் திசையிலும் கீறல்கள் இருக்கின்றன. வெளிச்சத்துக்குக் குறுக்கே கிடப்பவை மட்டும் மின்னுவதால் வட்டமாகத் தோன்றுகின்றன. வெள்ளை காரிலும் இவை உண்டு, கண்ணுக்குத்தான் எளிதில் படாது.

இந்தக் கீறல்கள் பெரும்பாலும் காரைத் துடைக்கும்போதே விழுகின்றன. தெருப்புழுதியில் நுண்ணிய மணல் இருக்கிறது. அதன்மேல் உலர்ந்த துணியை இழுத்தாலோ, ஒரே வாளித் தண்ணீரில் ஒரே துணியை நனைத்து நனைத்து ஐந்தாறு கார்களைத் துடைத்தாலோ, அந்த மணல்தான் பெயின்டைத் தேய்க்கிறது. கோட்டிங் பூசுவதற்கு முன் இந்தக் கீறல்களைப் பாலிஷ் போட்டுத் தேய்த்து எடுக்க வேண்டும்.

எவ்வளவு தேய்க்கலாம்?

காரின் நிறத்துக்கு மேல் ‘கிளியர் கோட்’ என்ற நிறமற்ற படலம் இருக்கிறது. பல கார்களில் அதன் தடிமன் 40 முதல் 50 மைக்ரான். அதாவது ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குகூட எட்டாமல் போகலாம். வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்குவது இதுதான். பாலிஷ் போடும்போது கீறல் நிரம்புவதில்லை. சுற்றியுள்ள பரப்பு கீறலின் ஆழத்துக்குத் தேய்ந்து சமமாகிறது. எனவே ஒவ்வொரு பாலிஷுக்கும் கிளியர் கோட் கொஞ்சம் குறைகிறது. நகத்தை வைத்து இழுத்தால் தட்டுப்படும் கீறலைத் துரத்தாதீர்கள், அது ஆழமானது. மேட் பெயின்ட் காருக்கு பாலிஷ் கூடவே கூடாது.

முதலில் சுத்தம்

காரை நிழலில் நிறுத்தி, பானெட் தொட்டால் சுடாத நிலைக்கு வரட்டும். முதலில் தண்ணீரைப் பீய்ச்சிப் புழுதியை இறக்குங்கள். இரண்டு வாளி வேண்டும்: ஒன்றில் கார் ஷாம்பு, மற்றொன்றில் கழுவும் கையுறையை அலச வெறும் தண்ணீர். கூரையில் தொடங்கிக் கீழே வாருங்கள். அடிப்பகுதிதான் அதிக அழுக்கு. போர்வெல் தண்ணீர் என்றால் காயவிடாமல் உடனே மைக்ரோஃபைபர் துண்டால் ஒற்றி எடுங்கள், இல்லாவிட்டால் உப்புக்கறை படியும்.

கழுவிய பிறகும் விரலால் தடவினால் சொரசொரப்பு தெரிகிறதா? ‘க்ளே பார்’ என்ற களிமண் போன்ற கட்டியை அதற்குரிய வழுக்குநீருடன் மெதுவாகத் தேயுங்கள். கட்டி கீழே விழுந்தால் திரும்பப் பயன்படுத்த வேண்டாம். ஒட்டிய மணல் புதிதாகக் கீறும்.

பாலிஷ்

புதிதாகப் பழகுபவர்களுக்கு டூயல் ஆக்‌ஷன் பாலிஷர்தான் ஏற்றது. ரோட்டரி மெஷின் ஒரே இடத்தில் சூட்டை ஏற்றி, நொடிகளில் பெயின்டைப் பொசுக்கிவிடும். ரப்பர் பட்டை, கறுப்பு பிளாஸ்டிக், பாடி விளிம்புகள் ஆகியவற்றின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். விளிம்புகளில் பெயின்ட் மெல்லியது.

முழு காரையும் தொடுவதற்கு முன் பானெட்டில் ஒன்றரை அடிச் சதுரத்தில் சோதித்துப் பாருங்கள். மென்மையான ஃபோம் பேட், மிதமான பாலிஷ், பட்டாணி அளவில் நான்கு சொட்டு. குறைந்த வேகத்தில் பரப்பி, பிறகு வேகத்தைக் கூட்டி, பாதிக்குப் பாதி மேல்படியும்படி குறுக்கும் நெடுக்குமாக நான்கைந்து முறை மெதுவாக ஓட்டுங்கள். பேடைத் தாங்கும் தட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொண்டால், பேட் சுழல்வது கண்ணுக்குத் தெரியும். கோடு நின்றுவிட்டால் நீங்கள் அதிகம் அழுத்துகிறீர்கள். துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். போதவில்லை என்றால் மட்டுமே கொஞ்சம் கடினமான பேடுக்கோ காம்பவுண்டுக்கோ போகலாம்.

கோட்டிங்

பாலிஷில் உள்ள எண்ணெய் கீறலை மறைத்துவிடும். கோட்டிங்கை ஒட்டவும் விடாது. தண்ணீர் கலந்த ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் முழு காரையும் துடைத்தால்தான் உண்மை நிலை தெரியும். அப்போதும் கீறல் தெரிந்தால் மீண்டும் பாலிஷ் போடுங்கள். கோட்டிங் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கும்; கீழே இருக்கும் கீறலை அப்படியே பூட்டி வைத்துவிடும்.

கோட்டிங்கை வெயிலோ தூசியோ படாத, காற்றோட்டமுள்ள இடத்தில் பூசுங்கள்; நைட்ரைல் கையுறை அவசியம். சூயிட் துணி சுற்றிய கட்டையில் சில சொட்டு விட்டு, இரண்டடிச் சதுரமாகக் குறுக்கும் நெடுக்கும் பூசுங்கள். சிறிது நேரத்தில் பரப்பில் எண்ணெய்ப்படலம் போல வானவில் நிறம் ஓடும். அதுதான் துடைக்கும் நேரம். எத்தனை நிமிடம் என்பது வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் பொறுத்து மாறும். பாட்டிலில் உள்ள குறிப்பைப் பின்பற்றுங்கள். ஒரு துணியால் துடைத்து, இன்னொரு புதுத் துணியால் சமப்படுத்துங்கள். திட்டு விட்டுப்போய் இறுகிவிட்டால், அதை எடுக்க மறுபடி பாலிஷ்தான் வழி. பூசிய துணிகளைத் துவைத்து மறுபடி காரில் போடாதீர்கள். கோட்டிங் இறுகித் துணியே கீறும். முதல் 24 மணி நேரம் தண்ணீர் படக்கூடாது, ஒரு வாரத்துக்கு ஷாம்பு வேண்டாம்.

என்ன எதிர்பார்க்கலாம்?

தண்ணீர் முத்து முத்தாக உருண்டோடும், அழுக்கு எளிதில் போகும், பளபளப்பு நிற்கும். விளம்பரத்தில் வரும் ‘9எச்’ என்பது பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவு. கல் தெறித்தால் தாங்கும் என்று அதற்குப் பொருள் இல்லை. பறவை எச்சத்தை அன்றன்றே கழுவித்தான் ஆக வேண்டும்.

பழைய துணியும் ஒற்றை வாளியும் தொடர்ந்தால், கோட்டிங் மேலேயும் அதே கீறல் வரும். உங்கள் காரை வேறொருவர் துடைக்கிறார் என்றால், இரண்டு வாளியும் நல்ல மைக்ரோஃபைபர் துணிகளும் வாங்கிக் கொடுத்து, புழுதியைத் தண்ணீரால் இறக்காமல் துணி வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.