ஸ்டோர் நாய்க்குக் கல்லடைப்பு

கட்டுகஸ்தோட்டையில் நமது ஸ்டோரைக் காக்கும் பெட்டை நாய்க்கு மூன்று தடவை ஒரே வருத்தம். சொட்டுச் சொட்டாகச் சிறுநீர், அதில் இரத்தம். ஒவ்வொரு முறையும் இரத்தம் நின்றதும் மீதி மாத்திரையை லாச்சியில் போட்டுவிட்டோம். பிழை நம்முடையதுதான். கடைசியில் பேராதனை மிருக வைத்திய போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுபோனோம். சிறுநீர்ப்பையில் கல்!

பெட்டை நாய்களுக்கு அதிகம் வருவது ஸ்ட்ரூவைட் கல். கிருமி தொற்றிச் சிறுநீர் காரத்தன்மை அடையும்போது மக்னீசியம், அமோனியம், பொஸ்பேட் மூன்றும் சேர்ந்து கல்லாகின்றன. கிருமி மருந்தோடு விசேட உணவும் கொடுத்தால் சில வாரங்களில் கரையும். கல்சியம் ஒக்சலேட் கல்லோ எந்த உணவுக்கும் கரையாது. எந்தக் கல்லென்று அறியாமல் விலை கூடிய உணவு மூடையை வாங்குவது, சரக்கைப் பார்க்காமல் விலை பேசுவதுதான்.

இன்னொன்று, விசேட உணவு கொடுக்கும் நாட்களில் வேறெதுவும் கொடுக்கக் கூடாது. நமது வொச்சரைத் தடுப்பதுதான் பெரும்பாடு. தன் சோற்றுப் பார்சலில் அதற்கும் ஒரு பங்கு வைக்காமல் அவருக்குச் சாப்பாடு இறங்காது. இப்போது உலர்ந்த உணவில் தண்ணீர் ஊற்றிக் கொடுக்கிறார். இரவில் அடைத்து வைப்பதில்லை. சிறுநீரை அடக்கக் கூடாதல்லவா?

உங்கள் நாய் முக்கியும் சிறுநீர் போகவில்லையா? உணவை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். அன்றே வைத்தியரிடம் கொண்டுபோங்கள். ஆண் நாய்க்குக் குழாய் ஒடுக்கம், அடைப்பு உயிரையே எடுத்துவிடும்.