சிப் சங்கத்தில் குழு, உபகுழு, பணிக்குழு: ஓசூர் யூனிட்காரர்களின் சந்தேகங்கள்

'கார் பார்ட்ஸ் போதும், சிப் தொழிலுக்கும் ஜாப் ஒர்க் எடுக்கலாமா?' ஓசூர் சிப்காட்டில் சிறு யூனிட் நடத்துபவர்களிடையே இந்தப் பேச்சு அடிக்கடி அடிபடுகிறது. கூடவே சில சந்தேகங்களும்.

கெலமங்கலம் பக்கம் உள்ள டாடா ஆலையில் தயாராவது சிப்தானே?

இல்லை. டாடா எலக்ட்ரானிக்ஸ் அங்கே செய்வது ஐபோன் தொடர்பான வேலை. அதன் மேற்கூடு தயாரிப்பதுதான் தொடக்கம். அதே நிறுவனத்தின் சிப் ஆலை குஜராத்தின் தொலேராவிலும், சிப்பைப் பொதிந்து சோதிக்கும் ஆலை அசாமின் ஜாகிரோட்டிலும் வருகின்றன.

சிப் சங்கம் என்கிறார்களே, அது எது?

இரண்டைத் தெரிந்துகொண்டால் போதும். ஒன்று, பெங்களூரில் இருக்கும் இந்திய எலக்ட்ரானிக்ஸ் - செமிகண்டக்டர் சங்கம். அரசுக் கொள்கை, வரி, ஆள் பயிற்சி பற்றிப் பேசுவது இதன் வேலை. மற்றொன்று 1970-இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய 'செமி'. சிப் ஆலைகளுக்கு இயந்திரமும் மூலப்பொருளும் கொடுப்பவர்களின் உலகச் சங்கம் அது. யூனிட்காரர் முதலில் கவனிக்க வேண்டியது இரண்டாவதைத்தான்.

ஏன்? குழு போட்டுப் பேசுவதால் பட்டறைக்கு என்ன ஆகப்போகிறது?

வாயு செல்லும் வால்வு ஒன்றுக்கு டிராயிங் வருகிறது என்று வையுங்கள். ஓரத்தில் 316எல் ஸ்டீல், அதன் கீழே 'செமி எஃப்20' என்று இருக்கும். 316எல் நமக்குப் பழக்கம்தான். மருந்து டேங்க் எல்லாம் அதில்தான் செய்கிறோம். ஆனால் எஃப்20 கேட்பது அதைவிடச் சுத்தமான உலோகம். கந்தகமும் மாங்கனீஸும் எவ்வளவு இருக்கலாம் என்று இறுக்கிப் பிடிக்கும். கடையில் கிடைத்த ராடைக் கடைந்து அனுப்பினால் திரும்பி வரும். அந்த எஃப்20-ஐ எழுதியது ஒரு குழு.

அந்தக் குழுக்கள் எப்படி இயங்குகின்றன?

செமியின் தரவிதி வேலை 1973-இல் சிலிக்கான் தகட்டிலிருந்து தொடங்கியது. அப்போது வாங்குபவர் ஒவ்வொருவரும் ஒவ்வோர் அளவு கேட்க, தகடு செய்பவர்கள் திண்டாடினார்கள். இன்று இயந்திரம், மூலப்பொருள், பாதுகாப்பு, ஆலைக் கட்டமைப்பு என்று துறைக்கொரு தொழில்நுட்பக் குழு உண்டு. ஜப்பான், தைவான், அமெரிக்கா என்று பல இடங்களில் அவற்றுக்குக் கிளைகள். எழுத்து வேலை நடப்பது அதற்கும் கீழே, பணிக்குழுவில். சிலர் உட்கார்ந்து நகல் தயாரிப்பார்கள். அது ஓட்டுக்குப் போகும். 'வேண்டாம்' என்று ஓட்டுப் போடுபவர் காரணம் எழுதியாக வேண்டும். ஒவ்வொரு காரணத்தையும் கூட்டத்தில் எடுத்துப் பரிசீலித்தாக வேண்டும். பிறகு நடைமுறை சரியாக நடந்ததா என்று தனி உபகுழு ஒன்று பார்க்கும். நம்மூர்ச் சங்கங்களில் கைதட்டி நிறைவேற்றும் தீர்மானங்களோடு ஒப்பிட்டால் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது.

போட்டிக் கம்பெனிகள் ஒரே மேசையில் உட்கார்ந்தால் விலையையும் பேசி முடித்துவிட மாட்டார்களா?

நியாயமான சந்தேகம். 2012-இல் இந்தியப் போட்டி ஆணையம் 11 சிமெண்ட் நிறுவனங்களுக்கு 6,000 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டபோது, அவர்களுடைய சங்கத்தையும் விடவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. இப்படிப்பட்ட சிக்கலைத் தவிர்க்கத்தான் செமி தரவிதிக் கூட்டங்களில் போட்டிச் சட்ட எச்சரிக்கையை முதலிலேயே நினைவூட்டிவிடுகிறார்கள். தரம் பேசலாம், விலை பேசக்கூடாது.

சிறிய யூனிட்டுக்கு அங்கே இடம் உண்டா?

உண்டு. தரவிதிக் குழுவில் சேரச் சங்கத்தில் உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை, கட்டணமும் இல்லை. அச்சான தரவிதியைத்தான் காசு கொடுத்து வாங்க வேண்டும். விதி எழுத இலவசம், எழுதியதைப் படிக்கப் பணம்! ஆனால் பத்துப் பேர் வேலை செய்யும் யூனிட்டின் முதலாளிக்குக் கூட்டத்தில் உட்கார நேரம் ஏது? பெரிய கம்பெனி அதற்கென்றே சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருக்கும். கதவு திறந்திருந்தாலும் உள்ளே நிறைந்திருப்பவர்கள் அவர்கள்தான்.

ஓசூர் சிறு, குறுந்தொழில்கள் சங்கமான 'ஹோஸ்டியா' இதற்கு ஒருவரை ஒதுக்கலாம். எஃப்20 போன்ற விதிகளைப் பொதுச் செலவில் வாங்கி வைத்து, பணிக்குழுவில் நடப்பதைக் கேட்டு, மாதம் ஒரு முறை தமிழில் சொல்ல ஒருவர் போதும். அடுத்த பொதுக்குழுவில் உறுப்பினர்கள் இதைக் கேளுங்கள்.